டிபன் கேரியரில் வந்த நெருப்பு நோய்

வேதநாயகி சம்பளம் வாங்குவது நெல்லுக்கு நோய் வரவழைப்பதற்காக என்பது, அவளைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய சந்திரனுக்குத் தெரியாது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருந்த காலத்தில் தெருவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, எங்க வீட்ல நெல்லுக்கு டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேட்டையில் மாடுகளுக்குக்கூட விஷயம் தெரியும். அவளுடைய வேலைக்குப் பக்கம் என்று ஹெப்பகோடிக்கு வீடு மாற்றி வந்த பிறகும் அதே பல்லவிதான். அவர் மனசில் ஒரு படம் ஓடும். வேதநாயகி வரப்பில் நடந்து வருகிறாள். தலை தொங்கிக் கிடந்த பயிரெல்லாம் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் வைக்கிறது.

நிஜம் என்னவென்றால், அவள் வந்தால் பயிர் நடுங்க வேண்டும்.

சந்தாபுராவைத் தாண்டி உள்ளே போனால் வருகிற நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கடைசி மூலையில் அவளுக்கென்று ஒரு மேட்டுப்பாத்தி உண்டு. நோய் நாற்றங்கால் என்று பெயர். தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி யூரியாவை அள்ளிப் போட்டு அங்கே இலையைக் கொழுக்க வைப்பாள். சாயங்காலமானால் பூப்போலத் தண்ணீர் தெளித்து, மேலே பாலிதீனை இழுத்து மூடி, ஈரம் உலராமல் படுக்க வைப்பாள். இத்தனை உபசாரமும் நெல்லுக்கு இல்லை, குலைநோய்ப் பூஞ்சைக்கு. கன்னடத்தில் அதைப் பெங்கி ரோகம் என்பார்கள், நெருப்பு நோய். பெயருக்கேற்ற ஆசாமி. முதலில் இலையில் புள்ளி விழும், புள்ளி கண் மாதிரி நீளும், கண்ணின் நடு சாம்பலாகும். அப்புறம் ஒரே வாரத்தில் பச்சை வயல் தீப்பிடித்து அணைந்த ஓலைக்கொட்டகை மாதிரி நிற்கும்.

பாத்தியின் நாலு ஓரத்திலும், நடுவே வரிசைக்கு வரிசையும், இந்தப் பூஞ்சையின் பெயரைக் கேட்டாலே மயங்கி விழுகிற ஒரு ரகத்தை விதைத்திருப்பார்கள். நிலையத்தில் அதற்குப் பலியாடு என்று பெயர். பூஞ்சை பலியாட்டைத் தின்று கொழுத்து, பக்கத்தில் நிற்கிற சோதனை ரகங்கள் மேல் பாய வேண்டும். அப்போது நிற்பவன் நிற்பான், விழுபவன் விழுவான். பலியாடு செத்தால்தான் சோதனை. பலியாடு பிழைத்துவிட்டால் அந்தப் பருவமே குப்பைத்தொட்டிக்கு.

அந்த வருஷம் பாத்தியில் வேதநாயகி உருவாக்கிய இரண்டு வரிசைகள் நின்றன. அவற்றுக்கு நீளமான நம்பர்கள் உண்டு. லேபில் வேலை பார்க்கும் அல்போன்சாதான் அக்கா, தங்கை என்று பெயர் வைத்தாள். ஒரே தாய் தகப்பன் வழி. அக்கா நல்ல அழகி. சன்ன அரிசி, மல்லிகை மொட்டு மாதிரி நீளம். அவளுக்குள் காட்டு நெல் ஒன்றிலிருந்து கொண்டுவந்த எதிர்ப்பு மரபணு ஒன்று. தங்கைக்கு அரிசி சற்று மோட்டா. ஆனால் அவளுக்குள் அந்தக் காட்டு நெல் மரபணுவோடு, பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த இன்னொன்றும் சேர்ந்திருந்தது. அக்கா வீட்டுக்கு ஒரு பூட்டு, தங்கை வீட்டுக்கு இரண்டு பூட்டு. மரபணு உள்ளே இருக்கிறதென்று லேபில் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது. இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. எத்தனையோ வீட்டில் நாய் இருக்கிறது, திருடன் வந்தால் வாலை ஆட்டுகிறது.

மார்ச் மாதம் வேதநாயகிக்கு ஓய்வு. அதற்குள் இந்தப் பெண்கள் நோயின் முன்னால் நின்று காட்டினால், பல ஊர் வயல்களில் நடத்தும் பெரிய சோதனைக்குப் போவார்கள். இல்லாவிட்டால் குளிர் அறையில் பொட்டலமாகத் தூங்குவார்கள். அவளுக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்குச் சொந்தப் பெண்களைக் கரையேற்றவே நேரம் சரியாக இருக்கும். இது அவளுக்குத் தெரியும். அதனால் அந்த ஐப்பசியில் பலியாட்டின் இலையில் முதல் சாம்பல் கண்கள் விழுந்ததும், பேரன் பிறந்த செய்தி வந்தவளைப் போல அல்போன்சாவுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வாரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. நிலையத்தில் டிராக்டருக்கும் ஸ்பிரேயருக்கும் மட்டுமல்ல, மரபணுவைப் பெருக்கிக் காட்டுகிற லட்ச ரூபாய் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. பூஜை முடிந்த கையோடு வேலையாட்களும் அல்போன்சாவும் ஊருக்குப் போய்விட்டார்கள். வேதநாயகிக்குக் கோயம்புத்தூரில் ஒரு வாரம் பயிற்சி வகுப்பு. தண்ணீர் தெளிப்பது தானாக நடக்கும். சாயங்காலம் பாலிதீனை இழுத்து மூடவும், காலையில் விலக்கவும் ஒரு கை வேண்டும். சந்திரனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் செய்த ஒரே தப்பு, எதற்காக மூட வேண்டும் என்று சொல்லாததுதான். முப்பது வருஷத்தில் சொல்லாததை பஸ் கிளம்புகிற அவசரத்தில் சொல்ல முடியுமா?

சந்திரன் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருந்தார். இருக்கிற தொட்டிகளின் பாரத்தில் வீடு ஒரு சாண் பூமிக்குள் இறங்கிவிட்டது என்று கீழ் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். அக்கம்பக்கத்தில் கறிவேப்பிலைக் கன்று வாடினால், அனாதைக் குழந்தையைக் கோயில் வாசலில் விடுகிற மாதிரி அவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறு மாசம் அது மரமாகியிருக்கும். தன் கண்ணெதிரே ஒரு செடி செத்ததில்லை என்பது அவருடைய கர்வம்.

அப்பேர்ப்பட்டவர் பாத்தியில் வந்து பார்த்தார். ஓரமெல்லாம் எரிகிறது. நடுவிலும் வரிசை விட்டு வரிசை கருகுகிறது. பாவம், அலைச்சலில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஓர் இலையைப் பறித்துக்கொண்டு சந்தாபுரா உரக்கடைக்குப் பறந்தார். கடைக்காரர் இலையைப் பார்த்ததுமே சரியான மருந்தை எடுத்து நீட்டினார். சந்தனப் பொட்டு காயாத ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, இலையின் மேல்புறம், கீழ்புறம், கணு, இடுக்கு ஒன்றையும் விடாமல் அடித்தார். அந்த நிலையம் உண்டான நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக மருந்தடித்த ஆள் கிடையாது. மனசு ஆறாமல் இடையில் இன்னொரு தரமும் அடித்தார்.

வேதநாயகி திரும்பி வந்த அன்று சந்திரன் பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராகப் பாத்திக்கே ஸ்கூட்டரை விட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கிட்டே போனதும் கண்ணை மூடச் சொன்னார். அவளும் மூடித் திறந்தாள்.

பலியாடு துளிர்த்து நின்றது. கிளிப்பச்சையில், புது இலையில் ஒரு புள்ளி இல்லாமல், காற்றில் தலையாட்டிக்கொண்டு, போன ஜென்மத்துப் பாக்கி எல்லாம் தீர்ந்த மாதிரி சிரித்தது.

"என்னங்க பண்ணீங்க?"

"காப்பாத்திட்டேன் வேதா."

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். எதிரே நிற்கிற மனுஷன் பரிசு வாங்க மேடைக்குக் கீழே காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். எப்படித் திட்டுவது?

"இத்தன வருஷமா நான் என்ன வேல பண்றேன்னு நெனச்சிட்டிருந்தீங்க?"

"நெல்லு சாகாம பாத்துக்கற வேல."

"சாகுதான்னு பாக்கற வேலைங்க."

பிறகு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். பலியாடு எது, பூஞ்சை எதற்கு, அக்கா தங்கை யார், மார்ச் மாதம் என்ன. சந்திரன் கேட்கக் கேட்க அவருடைய பூரிப்பு காற்றுப் போன டியூப் மாதிரி இறங்கியது. கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். இனிமேல் இதற்கு நோய் வராதா? நோய் வராதா என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கவலையோடு கேட்டார். அடித்த மருந்து பயிரின் ரத்தத்தில் ஏறிவிட்டது, இந்தப் பாத்தி அவ்வளவுதான் என்றாள் அவள்.

மறுநாள் சுதீர் பாத்திக்கு வந்தான். அவன்தான் பிரிவுக்குத் தலைவன். தார்வாடு பக்கத்துப் பிள்ளை, வயசு நாற்பதைத் தொடவில்லை, கெட்டவன் இல்லை. அக்காவின் சன்ன அரிசி மேல் அவனுக்குக் காதலே உண்டு. மேலிடத்தில் ஏற்கனவே அவளைப் பற்றிப் பத்துக் கல்யாணத் தரகர்கள் சேர்ந்தாலும் சொல்ல முடியாத அளவு பெருமை பேசியிருந்தான். டிசம்பரில் ஆய்வுக்குழு உட்காரும்போது இலையில் எத்தனை நோய் என்று மதிப்பெண் காட்ட வேண்டும். குறைந்த மதிப்பெண்தான் நல்ல மதிப்பெண். அவன் பாத்தியைச் சுற்றி வந்தான், குனிந்து பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், ஸ்வல்ப யோசனை மாடி, கொஞ்சம் யோசிங்க. அக்கா க்ளீன், தங்கை க்ளீன். இருக்கறத அப்படியே எழுதிக்கலாமே. பொய் ஏதும் இல்லையே."

"பலியாடும் க்ளீன்தானே. அதையும் நோய் தாங்குற ரகம்னு எழுதிடலாமா? சண்டையே நடக்காத எடத்துல நிக்கிறவன் எல்லாம் வீரன்தான் சுதீர்."

சுதீர் தலையைச் சொறிந்தான். பிறகு வேறு பக்கமாக வந்து பார்த்தான். அடுத்த பருவத்தில் யாராவது செய்வார்கள் என்றான். யார் அந்த யாராவது என்று அவள் கேட்டாள். பக்கத்துப் பாத்தியைக் கொடு, இருப்பு விதையைப் போட்டுப் புதிதாக முளைக்க வைக்கிறேன், டிசம்பருக்குள் பலியாடு சாகவில்லை என்றால் சோதனை செல்லாது என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அவள் இப்படிப் பேசுகிறபோது நிலையத்துக் காற்றாடிகள்கூடச் சுற்றுவதை நிறுத்திவிடும். சுதீர் பாத்தியைக் கொடுத்தான்.

விதை போட்டாகிவிட்டது. நெல் தன் பாட்டுக்கு முளைக்கும். பூஞ்சைக்கு எங்கே போவது? லேப் பிரிட்ஜில் கண்ணாடிக் குழாயில் ஒன்று இருந்தது. அல்போன்சா அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று பஞ்சு. வருஷக்கணக்காகக் குழாயிலிருந்து குழாய்க்கு மாற்றி மாற்றி, உட்கார வைத்துச் சோறு போட்டதில் அதற்குக் கடிப்பதே மறந்துபோயிருந்தது. "இது பெங்கி இல்ல மேடம், ஊதுபத்தி" என்றாள். வயலில் இப்போது எரிந்துகொண்டிருக்கிற நெருப்பிலிருந்துதான் புதுசாகப் பற்றவைக்க வேண்டும்.

ஆக, நோய் தேடிப் புறப்பட்டார்கள். ஸ்கூட்டரை ஓட்டுவது நான்தான் என்று சந்திரன் அடம்பிடித்தார். கொலை செய்தவனே பிணத்துக்கு உயிர் கொடுக்கக் கிளம்புகிற மாதிரி ஒரு வேகம். முன்னால் டிபன் கேரியர், பின்னால் வேதநாயகி. ஆனேக்கல் பக்கத்து ஏரிகளுக்குக் கீழே இன்னும் நெல் விதைக்கிற ஊர்களை எல்லாம் ஒன்று விடாமல் சுற்றினார்கள். ரியல் எஸ்டேட்காரர்களுக்குத் தெரியாத சந்தெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

போன இடத்தில் எல்லாம் ஒரே பதில். எங்கள் வயலில் ரோகமா? இல்லவே இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், உங்கள் பெண்ணுக்கு ஒன்றரைக் கண்ணாமே என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி முறைத்தார்கள். ஒருவர், இவர்கள் பயிர் இன்சூரன்ஸை நிறுத்த வந்தவர்கள் என்று நினைத்து மாட்டை அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் நிலத்துக்குக் குறைந்த விலை பேச வந்தவர்கள் என்று நினைத்து, தன் மண்ணில் கல் போட்டாலும் முளைக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார். வேதநாயகி தன் அடையாள அட்டையைக் காட்டினாள். அட்டையைக் கண்டதும் அவர்களுக்கு இன்னும் பயம் கூடியது.

கடைசியாக ஓர் ஏரிக்கரையில் நாராயணசாமி என்பவரைப் பார்த்தார்கள். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற மனுஷர். முன்பக்கத்து வயல் பச்சையாக, பட்டுச்சேலை விரித்த மாதிரி இருந்தது. அவரும் கையை விரித்தார். வேதநாயகி திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சந்திரன் நடக்கவில்லை. அங்கேயே நின்று, நடந்ததை எல்லாம் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டார். பாத்தி எரிந்தது, தான் துடித்தது, மருந்து வாங்கியது, இரண்டு தரம் அடித்தது, கண்ணை மூடச் சொன்னது உட்பட. அவளுக்கு ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

நாராயணசாமி கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை. தோள் துண்டு விழுந்தது, கொக்குகள் பறந்தன, ஏரிக்கு அக்கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஊரெல்லாம் ரோகம் போகணும்னு அழுவுது. நீங்க ரோகமே பேக்கு, வேணும்னு வந்திருக்கீங்க. பன்னி, வாங்க, என்கிட்ட ஜாஸ்தியே இருக்குது."

தென்னந்தோப்புக்குப் பின்னால், சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் அவர் மறைத்து வைத்திருந்த ஒரு துண்டு நிலத்துக்குக் கூட்டிப்போனார். வேதநாயகி வரப்பிலேயே நின்றுவிட்டாள். அவ்வளவு அருமையான குலைநோயை அவள் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. இலைக்கு இலை கண், கண்ணுக்குக் கண் சாம்பல். சிரிப்பு வாய் வரை வந்தது. ஆனால் பக்கத்தில் அந்த நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு அடங்கியிருந்தது, முகத்தில் இருந்தது வேறு. இதில் மூட்டை கணக்கில் அவருக்குப் போயிருந்தது. அவள் முதலில் அந்த வயலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். யூரியாவை நிறுத்துங்கள், இந்த மருந்தை அடியுங்கள், அடுத்த வருஷம் இதே விதையை எடுத்து வைக்காதீர்கள். மருந்தை எப்படி அடிப்பது என்று சந்திரன் செய்தே காட்டினார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நோயே வராத விதை எதுவும் இல்லையாம்மா என்று நாராயணசாமி கேட்டார். அதற்காகத்தான் உங்கள் நோயைக் கேட்கிறேன் என்றாள் அவள்.

இலைகளை எதில் கொண்டுபோவது? எடுத்து வந்த காகித உறைகள் மழையில் நனைந்து கூழாகியிருந்தன. மூவருமாக வரப்பில் உட்கார்ந்து டிபன் கேரியரில் இருந்த சித்ரான்னத்தைத் தின்று தீர்த்தார்கள். அடுக்குகளைக் கழுவித் துடைத்து, ஈரத்துணி விரித்து, நோய்ப்பட்ட இலைகளை நகையை வைக்கிற மாதிரி அடுக்கினாள். திரும்பி வரும்போது சந்திரன் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை. பெங்களூரில் பள்ளத்தில் விடாமல் வண்டி ஓட்டியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். லேபில் அல்போன்சா பசியோடு மேல் அடுக்கைத் திறந்தாள். சித்ரான்னத்தை எதிர்பார்த்த இடத்தில் குலைநோய் இருந்தது. ஒரு கணம் முகம் வாடியவள், இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பசியை மறந்தாள்.

ஈரத்தாளில் வைத்த இலைகள் பூத்தன. அல்போன்சா ஊசி முனையால் பூஞ்சையின் வித்தை எடுத்து வளர்த்துப் பெருக்கினாள். அதற்குள் புதுப் பாத்தியில் நாற்று எழும்பி நின்றது. வித்துகளைத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் நாள் வந்தபோது, பூஜை போட்ட அந்தப் பழைய ஸ்பிரேயரை அல்போன்சா சங்கிலி போட்டுத் தூணில் கட்டி வைத்தாள். அதில் ஒரு சொட்டு மருந்து மிச்சமிருந்தாலும் எல்லாம் கெடும். பேச்சு ஸ்பிரேயரைப் பற்றியது. பார்வை என்னவோ சந்திரன் மேல்தான் இருந்தது.

தெளித்த மறுநாளே வானம் கழுவி விட்ட மாதிரி ஆகிவிட்டது. பெங்களூருக்கு என்று ஒரு குணம் உண்டு: மழை வேண்டாம் என்றால் ஊரை மூழ்கடிக்கும், வேண்டும் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கும். இலை காய்ந்தால் பூஞ்சை உள்ளே இறங்காது. சந்திரன் மொட்டை மாடியிலிருந்து பூவாளிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஈரச்சாக்கை நாலு பக்கமும் திரை கட்டினார். தெளித்தார், காய்ந்தது, தெளித்தார், காய்ந்தது. தன் ரோஜாக்களை மறந்தார். கடைசியில் சென்னைப் பக்கம் ஒரு புயல் வந்து, அதன் வாலாகப் பெங்களூருக்குத் தூறல் வந்து சேர்ந்தது. ஊரே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு புலம்பியது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அந்த நசநசப்பில் சந்தோஷமாக இருந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பூஞ்சை.

ஒரு காலையில் பாலிதீனை விலக்கினார்கள். பலியாடு முழுக்கப் புள்ளி. அடுத்தடுத்த காலைகளில் புள்ளி கண்ணானது, கண் சாம்பலானது, ஓர வரிசைகள் எரிய ஆரம்பித்தன. சந்திரன் கையெடுத்துக் கும்பிட்டார். வேதநாயகி கும்பிடவில்லை. அவள் கண் நடு வரிசைகளில் இருந்தது.

அக்கா மேல் பழுப்புப் புள்ளிகள். தங்கை மேலும் பழுப்புப் புள்ளிகள்.

சுதீர் வந்து பார்த்தான். இரண்டுமே போச்சா மேடம் என்று மெதுவாகக் கேட்டான். சந்திரன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், அவை தாமாக மருந்து தேடிப் போய்விடும் என்று பயந்தவரைப் போல.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் வேதநாயகி. லென்ஸை எடுத்துக் குனிந்தாள்.

புள்ளி என்றால் இரண்டு வகை. பூஞ்சை உள்ளே நுழைந்து தின்னத் தொடங்கியதாலும் புள்ளி விழும். எதிர்ப்பு மரபணு விழித்துக்கொண்டு, திருடன் நுழைந்த அறையை மட்டும் தானே கொளுத்தி, அவனோடு சேர்த்துச் சாம்பலாக்கினாலும் புள்ளி விழும். முதல் வகை கண்ணாக நீளும். இரண்டாவது வகை மிளகுத்தூள் சிந்திய மாதிரி அப்படியே நின்றுவிடும். தோற்றவளும் ஜெயித்தவளும் முதல் நாள் ஒரே முகத்தோடுதான் இருப்பார்கள். காத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

காத்திருப்பது என்றால் அவளுக்குச் சும்மா உட்கார்வது இல்லை. தினமும் அதே ஈரம், அதே போர்வை. தன் பெண்கள் என்பதற்காக ஒரு சொட்டுத் தண்ணீர் குறைக்கவில்லை. இரண்டு பேரும் செத்தால் செத்தார்கள் என்று எழுதவும் மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். வீட்டில் சந்திரன், தங்கச்சி எப்படி இருக்கு, அக்கா எப்படி இருக்கு என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கி, குடும்பத்தில் யாருக்கோ சீரியஸ் என்று பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் அக்கா விழுந்தாள். அவளுடைய புள்ளிகள் நீண்டன, நடு வெளுத்தது. அந்த ஒற்றைப் பூட்டைத் திறக்க நாராயணசாமி வயல் பூஞ்சையிடம் சாவி இருந்திருக்கிறது. வேதநாயகி ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷத்து உழைப்பு, மல்லிகை மொட்டு மாதிரி அரிசி. சுதீரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேண்ட்டில் சேறு படும் என்று பார்க்கவில்லை.

"அன்னிக்கு க்ளீன்னு எழுதியிருந்தா, இவ அந்த மனுஷன் வயலுக்கே போயிருப்பா" என்றாள் அவள். சுதீர் தலையை ஆட்டினான்.

தங்கையின் புள்ளிகள் நீளவில்லை. மறுநாளும் நீளவில்லை. சுற்றிலும் பலியாடு மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து, மயானத்து நடுவில் கல்யாணப் பந்தல் மாதிரி தங்கை மட்டும் பச்சையாக நின்றாள். உடம்பெல்லாம் மிளகுத்தூள். இலைக்கு இலை சண்டை நடந்த அடையாளம் இருந்தது, ஒன்றில்கூடத் தோற்ற அடையாளம் இல்லை. வேதநாயகி மதிப்பெண் போட மறுத்துவிட்டாள். பெற்றவள் பிள்ளைக்கு மார்க் போடக் கூடாது, நீயே போடு என்று லென்ஸை சுதீரிடம் கொடுத்தாள். அவன் வரிசை முழுக்க முட்டி போட்டு நகர்ந்து, ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்தான். தங்கைக்கு ஒன்று. பலியாட்டுக்கு ஒன்பது. அக்காவின் இலைகளை இரண்டாம் தரமும் புரட்டிப் பார்த்துவிட்டு ஏழு போட்டான். இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வுக்குழு பார்த்திருக்காது, தங்கையைத் தடுக்க இனி யாராலும் முடியாது என்றான்.

படம் எடுத்து முடிந்தது. இனி இந்த நோய் வரப்பைத் தாண்டி ஊரார் வயலுக்குப் போகக் கூடாது. பாத்தியை அணைக்க வேண்டும். அல்போன்சா தூணில் கட்டியிருந்த ஸ்பிரேயரை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வேதநாயகி அதை வாங்கி மருந்தைக் கலந்து நிரப்பினாள். தூரத்தில் நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்ற சந்திரனைக் கூப்பிட்டு, அவர் முதுகில் அவளே மாட்டிவிட்டாள்.

"இப்ப அடிங்க."

சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓர வரிசையில் தொடங்கினார். மேல்புறம், கீழ்புறம், கணு, இடுக்கு. அக்காவைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாக அடித்தார். நடு வரிசைக்கு வந்ததும் குழாயைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"வேதா, தங்கச்சிக்கு?"

"அவளுக்கு எதுக்குங்க?"